கடைசிக் காம்பிராவின் தீ

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழக்கிழமை பொழுது சாயும்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுப்புகளை அணைத்துவிடுவார்கள். சாம்பலை அள்ளிக் கொட்டி, அடுப்பை மெழுகி, விளக்குத் திரிகளையும் கிள்ளிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் ஆறின கஞ்சி. சனிக்கிழமை காலையில் கோயிலில் புதுத் தீ மந்திரித்த பிறகுதான் லயத்தில் மறுபடி புகை எழும்பும்.

அந்தத் தீயை அவரவர் கோயிலிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒற்றையறை வீடுகளில் முதல் காம்பிரா, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாருடையது. அவருடைய அடுப்பு முதலில் பற்றும். அந்த அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துக்கொண்டு அவர் இரண்டாவது காம்பிரா வாசலில் போய் நிற்பார். "வெளிச்சம் வந்திருக்கு" என்பார். அந்த வீட்டுக்காரர் "உள்ள வரட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொள்வார். பிறகு அவர் தன் அடுப்பிலிருந்து எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார். இப்படியே கடைசிக் காம்பிரா வரை போகும். தன் அடுப்பு எரியாமல் ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. அடுத்தவர் கொடுக்காமல் யாரும் தானாக எடுக்கவும் முடியாது.

இதை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாத்தளையிலிருந்து வரும் இத்தாலிக்காரச் சாமி, இப்படி ஒரு சடங்கை ரோமாபுரியில் கேட்டால் சிரிப்பார்கள் என்பார். ஆனால் தடுத்ததில்லை.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் எங்கள் தோட்டம். கோயிலுக்குப் பக்கத்து லயம் என்பதால் அதில் ஒரு வீட்டைத் தவிர எல்லாம் வேதக்கார வீடுகள். அந்த ஒரு வீடு இருளாண்டியுடையது. மேட்டு லயத்தின் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போனபோது தற்காலிகமாக வந்தவர். போகவே இல்லை. வருடாவருடம் அவரும் தீயை வாங்குவார், கொடுப்பார். "என் வீட்டுலயும் சாமி இருக்கு. ரெண்டு சாமியும் பேசிக்கிடட்டும்" என்பார்.

இருளாண்டிக்கு அடுத்த காம்பிரா என்னுடையது. எனக்கு அடுத்தது, வரிசையில் கடைசி, லாரி டிரைவர் சந்தியாகுவுடையது.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். கண்டியில் கல்லூரியில் படித்தவன். லயத்தில் குடியிருக்க வேண்டியவன் இல்லை என்று கிளார்க் ஐயா பலமுறை சொன்னார். எனக்கும் மதலேனுக்கும் அந்த ஒற்றைக் காம்பிரா போதுமாக இருந்தது.

அது ஐம்பத்து மூன்றாம் வருடம். போன ஆனி மாதத்திலிருந்து என் அடுப்பு எரியவில்லை.

*

மதலேன் பிரசவத்தில் இறந்தாள். பிள்ளையும் தங்கவில்லை.

காலையில் வலி வந்தது. தோட்டத்து மருந்தையா பார்த்துவிட்டு, இங்கே முடியாது, உடனே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். துரையின் கார் கண்டிக்குப் போயிருந்தது. தோட்டத்து லாரி விடியும்போதே தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மாத்தளை ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. கிளார்க் ஐயா ஸ்டேஷனுக்கு டெலிபோன் பண்ணி, லாரி வந்ததும் உடனே திரும்பச் சொல்லுங்கள் என்றார். மத்தியானம் வரை பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு கதிரையை மூங்கிலில் கட்டி, அதில் அவளை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முன்மூங்கில் இருளாண்டியின் தோளில் இருந்தது. மழை. நான் அவள் தலைக்குமேல் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு வளைவில், "மழை விட்டுடுச்சா?" என்று கேட்டாள். விடவில்லை. விட்டுவிட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

நாங்கள் அவளைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு, அந்தியில்தான் லாரி வந்தது. பேன் பெல்ட் அறுந்து வழியில் நின்றுவிட்டதாக சந்தியாகு சொன்னார். அறுந்த பெல்ட்டைக் கையில் வைத்திருந்தார். செய்தியைக் கேட்டதும் லாரியின் மிதிபலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் குழியை அவர்தான் வெட்டினார். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. அடக்கம் முடிந்தபோது நான் அவர் கையைப் பிடித்து, "பெரிய உதவி அண்ணே" என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகளுக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தேன். ஞாயிறுகளில் கோயிலில் செபங்களை வாசித்தேன். உபதேசியார் சவரிமுத்துவுக்குக் கண் மங்கல். வாசிப்பது என் வேலை. என்னால் எல்லாம் செய்ய முடிந்தது. எதுவும் என்மேல் படவில்லை. குளிரில் விறைத்த கையால் ஒரு சாமானைத் தொட்டால், தொட்டது தெரியும், அது என்ன என்று தெரியாது. அப்படி இருந்தேன்.

மூன்று வேளையும் சாப்பாடு சந்தியாகுவின் வீட்டிலிருந்து வந்தது. அவர் மனைவி அருளாயி அக்கா கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, தட்டு காலியாகும் வரை வாசலில் நிற்பார். "மூஞ்சிய அப்பிடி வச்சுக்கிட்டு தின்னா எனக்கு சமைச்ச மாதிரியே இல்ல தம்பி. உப்பு இல்லன்னாவது சொல்லுங்க" என்பார். உப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

*

வியாழக்கிழமை உபதேசியார் என் வாசலுக்கு வந்தார்.

"சாவு நடந்த துட்டி வீட்டத் தாண்டித் தீ போகலாம் மாஸ்டர். பாவமில்ல. இன்னாசி வீட்ட ஒரு வருசம் அப்பிடித்தான் தாண்டினோம். இருளாண்டிய நேரா சந்தியாகு வீட்டுக்குக் குடுக்கச் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

"சரி" என்றேன். நான் யோசித்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். காலையில் அருளாயி அக்கா வைத்துவிட்டுப்போன கஞ்சி மேசையில் அப்படியே இருந்தது. அக்காவும் மற்ற வீட்டுக்காரர்களும் இன்னும் கோயிலிலிருந்து திரும்பாத நேரம், சந்தியாகு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு. வாசலை அடைத்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், நாளைக்கு இருளாண்டி உங்க காம்பிராவத் தாண்டி எனக்குத் தீ கொண்டாரப் போறான்."

"ஆமா. உபதேசியார் சொன்னார்."

"எனக்கு அத வாங்கக் கை வராது."

"ஏன்?"

"அந்த அடுப்ப அணைச்சது நானு."

நான் ஒன்றும் விளங்காமல் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பெல்ட் தானா அறுகல. நான் அறுத்தேன். கத்தியால."

பிறகு முழுவதையும் சொன்னார். ஸ்டேஷனில் பெட்டிகளை இறக்கியதும் அங்கே இருந்தவர் சொல்லியிருக்கிறார்: தோட்டத்திலிருந்து டெலிபோன் வந்தது, உடனே திரும்பச் சொன்னார்கள், யாருக்கோ சுகமில்லையாம். சந்தியாகு தலையாட்டியிருக்கிறார். எப்போதும் அவசரம் என்றுதான் சொல்வார்கள். பல்லேபொலவில் ஒரு சிநேகிதன் வீட்டில் விருந்து. கித்துள் கள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று போயிருக்கிறார். பலா மரத்தடியில் லாரியை நிறுத்திவிட்டுக் குடித்தார். லாரிக்குள்ளேயே தூங்கிப்போனார். விழித்தபோது வெயில் இறங்கிவிட்டது. என்ன சொல்வது என்று யோசித்து, மாத்தளைக்குத் திரும்பி வந்ததும் பெல்ட்டை அறுத்தார். தெரிந்த கடையில் வேறு பெல்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறி வந்தார்.

"யாருக்குன்னு சொல்லியிருந்தா பறந்து வந்திருப்பேன் மாஸ்டர்" என்றவர், உடனே, "அதுவும் பொய்தான். கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. நான் கேக்கல" என்றார்.

லாரி வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று மருந்தையாவிடம் நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "சொல்ல முடியாது தம்பி" என்றார். சொல்ல முடியாது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில்.

"சாமிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அப்பவே பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். பாவம் போயிருச்சுன்னு சாமி சொன்னாரு. நானும் நம்புறேன். ஆனா மூஞ்சியத் தூக்க முடியல மாஸ்டர். பத்து மாசமா நான் யாரு மூஞ்சியும் பாக்கல. ஏன், பொண்டாட்டி மூஞ்சியக்கூட."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குச் சோறு அனுப்பச் சொன்னது நீங்களா?"

"இல்ல. அவளாத்தான் குடுக்கிறா. நான் ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்ல. அவ தட்ட எடுத்துக்கிட்டு இங்க வரும்போதெல்லாம்..."

மேசையில் கஞ்சி இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம்.

"துரைகிட்ட சொல்லுங்க. லயத்துல சொல்லுங்க. வேலைய விட்டு நிப்பாட்டினாலும் சரி, காம்பிராவ விட்டுப் போகச் சொன்னாலும் சரி. தெரியாம மட்டும் என் பக்கத்து வீட்டுல இருக்காதீங்க."

"போங்க" என்றேன்.

போனார்.

லயத்துக் காம்பிராக்களை ஒரு சுவர்தான் பிரிக்கும். அதுவும் கூரை வரை எட்டாது. விளக்கில்லாத அந்தியில் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நான் கட்டிலில் இருந்தேன். சுவருக்கு மேலாக அருளாயி அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, கஞ்சியக் குடிச்சீங்களா, வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

நான் சுவர்ப்பக்கம் முதுகைத் திருப்பிப் படுத்தேன்.

"ஒருசந்தி நோன்புன்னாலும் கஞ்சி குடிக்கலாம். சாமியே சொல்லியிருக்காரு. ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்."

அந்தப் பக்கம் அவர் இருக்கிறார். அவர் இருமும் சத்தம் மட்டும் வந்தது.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. நாளைக்குத் தீ என் வீட்டைத் தாண்டிப் போகட்டும். அவர் வாங்கட்டும், அல்லது வாங்காமல் இருக்கட்டும். அவர் அடுப்பு எரியாவிட்டால் எனக்கும் சோறு வராது. அது நல்லதுதான்.

*

சனிக்கிழமை காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. கோயில் முற்றத்தில் சாமி ஊதா உடையில் நின்றார். சக்கிமுக்கிக் கல்லால்தான் புதுத் தீ உண்டாக்க வேண்டும். சித்திரைக்கு முந்திய மழையில் பஞ்சு ஈரித்துப்போயிருந்தது. உபதேசியார் தட்டித் தட்டிப் பார்த்தார். பொறி வந்தது, பிடிக்கவில்லை.

"தீப்பெட்டி இருக்கு உபதேசியாரே" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் நீட்டினார்.

"போடா. சேசுநாதர் உயிர்த்தது கல்லுக்குள்ளருந்தா, உன் தீப்பெட்டிக்குள்ளருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார். நான் அவர் பக்கத்தில் செபப்புத்தகத்தோடு நின்றேன்.

"சாமி, துட்டி வீட்டைத் தாண்டித் தீ போனால் பிழையா?"

"பிழை இல்லை மாஸ்டர்" என்றார். அவர் கவனம் பஞ்சில் இருந்தது. "இந்தப் பக்கம் வந்து காற்றை மறைத்து நில்லும்."

மறைத்து நின்றேன். பிடித்துக்கொண்டது.

வெயிலில் அந்தச் சுடர் தெரியவில்லை. மேலே காற்று நடுங்குவதை வைத்துத்தான் தீ இருக்கிறது என்று சொல்லலாம். மூன்று கிளை மெழுகுதிரி ஒன்றில் அதை ஏற்றி, சாமி கோயிலுக்குள் நுழைந்தார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். உள்ளே இருட்டு. வாசலைத் தாண்டியதும்தான் சுடருக்கு நிறம் வந்தது. சாமி லத்தீனில் பாடி முழங்காலிட்டார். எல்லோரும் முழங்காலிட்டோம். நடுவில் ஒருமுறை. பீடத்தருகே ஒருமுறை. ஒவ்வொரு முறையும் குரல் உயர்ந்தது, ஒரு திரி கூடுதலாக எரிந்தது.

பிறகு பாஸ்காத் திரி என்னும் பெரிய மெழுகுதிரியின் புகழ்ச்சி. சாமி லத்தீனில் பாட, நான் கீழே நின்று அதன் தமிழை வாசித்தேன். காலை வெளிச்சத்தில் நின்றுகொண்டு இந்த இரவு, இந்த இரவு என்று வாசிப்பது எனக்கு எப்போதும் விநோதமாக இருக்கும். அன்றைக்கும் வெறும் சொற்களாகத்தான் வாசித்தேன். அந்த இரவு குற்றங்களைக் கழுவும் என்று அதில் வருகிறது. தலையை நிமிர்த்தினேன்.

கதவோரத்தில் சந்தியாகு முழங்காலில் இருந்தார். எல்லோரும் எழுந்து நின்ற பிறகும் அவர் எழவில்லை. நெற்றி ஏறக்குறைய தரையைத் தொட்டது. பத்து மாதமாக அவர் அப்படித்தான் முழங்காலிடுகிறார். பக்தி என்று நினைத்திருந்தேன். திரியின் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது. அவர் மனைவியின் முக்காட்டில் விழுந்தது. என் புத்தகத்தில் விழுந்தது. அது யாரையும் தாண்டிப் போகவில்லை.

அப்போது ஒரு எண்ணம் வந்தது. மதலேன் இந்த வெளிச்சம் வருகிற இடத்தில் இருக்கிறாள். அதை நான் விசுவசிக்கிறேன். விசுவசிக்கவில்லை என்றால் இந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்திருக்கக் கூடாது. அங்கே எதுவும் மறைந்திருக்காது. நேற்று எனக்குத் தெரிந்தது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். பல்லேபொல, பலா மரம், கத்தி, எல்லாம். அவர் அவளுக்குக் குழி வெட்டியதையும் பார்த்திருப்பாள். பத்து மாதமாக அவள் எல்லாம் தெரிந்தே இருக்கிறாள்.

தெரிந்துகொண்டு என்ன செய்கிறாள்?

அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை. சர்வேசுரனுடைய வெளிச்சத்தில் இருந்துகொண்டு ஒருவன் வீட்டுக்கு மட்டும் தீ போகக் கூடாது என்று அவள் நிற்பாளா? நிற்க முடியாது. அங்கே அப்படி ஓர் இடமே இல்லை. நான் இங்கே அப்படி ஓர் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"மாஸ்டர்" என்று உபதேசியார் மெதுவாக இடித்தார். வாசிப்பை நிறுத்திவிட்டிருந்தேன். விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.

*

தீ லயத்துக்கு வந்தது. லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை எழும்பிக்கொண்டு வந்தது. "வெளிச்சம் வந்திருக்கு." "உள்ள வரட்டும்." பிள்ளைகள் தீயோடு கூடவே ஓடிவந்தார்கள்.

இருளாண்டி தன் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என் வாசலைப் பார்க்காமல் தாண்டினார்.

"இருளாண்டி அண்ணே, இங்க குடுங்க."

அவர் நின்றார். "உங்களுக்கா வாத்தியாரே?"

"ஆமா."

"அடுப்பு இருக்கா, இல்ல எலி குடும்பம் நடத்துதா?"

"இருக்கு."

அவர் கொள்ளியை என் பக்கம் திருப்பினார். பிறகு குரல் மாறி, "வெளிச்சம் வந்திருக்கு" என்றார்.

"உள்ள வரட்டும்."

கொள்ளியை வாங்கிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் விறகு ஞாபகம் வந்தது. என்னிடம் விறகு இல்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு கட்டு இருந்தது. தேயிலைச் செடியை வெட்டிக் கழித்த கவ்வாத்துக் குச்சிகள். பேறுகாலத்துக்கு வேண்டும், வெந்நீர் நிறைய வேண்டியிருக்கும் என்று மதலேன் மலையிலிருந்து கொண்டுவந்து, காயவைத்து, ஒரே அளவாக முறித்து, நாரால் கட்டி வைத்தது. பத்து மாதமாக அது அங்கேயே இருந்தது. பெருக்கும்போது துடைப்பத்தை அதில் படாமல் ஓட்டிப் பழகியிருந்தேன்.

கட்டை இழுத்தேன். நார் உளுத்திருந்தது, தொட்டதும் அறுந்தது. குச்சிகளை அடுப்பில் அடுக்கினேன். நன்றாகக் காய்ந்திருந்தன. உடனே பிடித்துக்கொண்டன. அவள் முறித்த நுனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிவந்தன.

ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கடைசிக் காம்பிராவின் வாசலில் போய் நின்றேன்.

அவர் வாசலில் நின்றார். பின்னால் அருளாயி அக்கா.

"வெளிச்சம் வந்திருக்கு" என்றேன்.

அவர் வாய் திறந்தது. திரும்பி லயம் முழுவதையும் பார்த்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க" என்றார். "மாஸ்டர் சம்சாரம் செத்த அன்னைக்கு லாரி பழுதாகல. நான் பல்லேபொலவுக்குப் போய்க் குடிச்சிட்டுத் தூங்கிட்டேன். சீக்கிரம் வான்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. சொல்லியும் போனேன். பெல்ட்ட நானே அறுத்தேன்."

பிள்ளைகள்கூட அசையவில்லை.

உபதேசியார் முதலில் பேசினார். "சந்தியாகு, அதெல்லாம் சாமிகிட்ட..."

"சாமிகிட்டச் சொல்லியாச்சு உபதேசியாரே. உங்ககிட்டத்தான் சொல்லல."

இருளாண்டி என் பக்கத்தில் வந்து நின்றார். "டேய். நான் தோள்ல தூக்குனேன்டா அந்தப் புள்ளய. மூங்கில் அழுத்துன தழும்பு இன்னும் இருக்குடா. அன்னைக்கு உன் லாரிச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னு போனேன்."

சந்தியாகுவின் பார்வை அந்தத் தோளில் நின்றது.

அருளாயி அக்கா கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் உயர்த்தாமல் பேசினார். "பத்து மாசம். அந்தத் தம்பிக்கு நான் சோறு போட்டுக் குடுக்கும்போதெல்லாம் நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

அக்கா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டார்.

குச்சி என் கையில் எரிந்துகொண்டிருந்தது. கவ்வாத்துக் குச்சி மெல்லியது. அது எவ்வளவு எரிந்துவிட்டது என்று நான் பார்க்கவில்லை. திடீரென்று விரல் நுனியில் சுளீரென்றது. சுட்டது. கையிலிருந்து தோள் வரைக்கும் ஏறியது.

"அண்ணே" என்றேன். "கை சுடுது. வாங்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தை நிமிர்த்தி, கண்ணுக்கு நேரே பார்த்தார். அந்தக் கண்களின் நிறம் எனக்கு மறந்துபோயிருந்தது.

"எனக்கா மாஸ்டர்?"

"வெளிச்சம் வந்திருக்கு அண்ணே. வாங்குங்க."

"உள்ள வரட்டும்" என்றார். குரல் உடைந்திருந்தாலும் லயம் முழுவதற்கும் கேட்டது. எரிகிற பக்கத்தோடு சேர்த்துத்தான் வாங்கினார். வேறு பிடிக்க இடம் இருக்கவில்லை.

*

மத்தியானம் அருளாயி அக்கா வழக்கம்போலத் தட்டோடு வந்தார். வழக்கமாக உள்ளே வருபவர், அன்று இஸ்தோப்பிலேயே நின்றார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"தம்பி, இனிமே இது வேணுமா வேணாமா, நீங்களே சொல்லிடுங்க."

"உள்ள வாங்க அக்கா. நானும் சோறு வச்சேன். குழைஞ்சுபோச்சு."

உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். "இதுக்குப் பேரு சோறா? பள்ளிக்கூடத்துல நோட்டீஸ் ஒட்டத்தான் ஆகும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி அழுதார். நான் அவர் கொண்டுவந்ததைச் சாப்பிட்டேன். உப்பு கூடுதலாக இருந்தது. அதைச் சொன்னேன்.

இருளாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. "வாத்தியாரு விட்டுட்டாரு. நான் விடல. எனக்கு என் சாமி வேற" என்றார். பல மாதங்கள் சந்தியாகுவோடு பேசவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மூங்கில் அவர் தோளில் இருந்தது.

திங்கட்கிழமை சந்தியாகு துரையிடம் தானே போய்ச் சொன்னார். லாரிச் சாவி கையைவிட்டுப் போனது. மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டில் மற்ற ஆட்களோடு நின்றார். கவ்வாத்துக் கத்தி கொடுத்தார்கள். இத்தனை வருடம் லாரியில் உட்கார்ந்து போன மனிதர் மலையேற மிகவும் கஷ்டப்பட்டார். பையன்கள் கேலி செய்தார்கள். "டிரைவர் அண்ணே, கியரை மாத்துங்க" என்று கத்துவார்கள். அவர் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அவர்கள் முகத்தைப் பார்த்து, "மாத்துற கியரெல்லாம் மாத்தியாச்சுடா" என்பார். முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

என் விரலில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் உரிந்தது. சோக்கட்டி பிடிக்கும்போதெல்லாம் வலித்தது. ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, என்ன காரணம் என்று தெரியாமல், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி அழுதேன். அவளுக்காக நான் அழுதது அதுதான் முதல் முறை.

மதலேன் அடுக்கி வைத்த குச்சிகள் அந்த வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. தீர்ந்த அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் ஒரு கவ்வாத்துக் கட்டு இருந்தது. ஒரே அளவாக முறித்து, புது நாரால் கட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சந்தியாகு கால் கழுவுகிற சத்தம் கேட்டது. கட்டை எடுத்து, கட்டிலுக்குக் கீழே பழைய இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு கட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

அடுத்த பெரிய வியாழக்கிழமை மற்ற வீடுகளைப்போல என் அடுப்பையும் அணைக்க வேண்டியிருந்தது.